டிரையரில் எந்தத் துணிக்கு எந்த செட்டிங்?

கேட்கப்பட்டது இது: கோயம்புத்தூரிலிருந்து கனடாவின் பிராம்ப்டனுக்குக் குடிவந்திருக்கிறோம், இது முதல் குளிர்காலம். வாடகை வீட்டின் பேஸ்மென்டில் வாஷரும் டிரையரும் இருக்கின்றன. எல்லாத் துணியையும் 'நார்மல்' வைத்தே ஓட்டினோம். காட்டன் சட்டைகள் சுருங்கிவிட்டன, ஜீன்ஸின் இடுப்புப் பட்டி மட்டும் ஈரமாகவே இருக்கிறது, துணியை எடுத்தால் கையில் சுரீரென்று ஷாக் அடிக்கிறது. எதை எந்த செட்டிங்கில் போடுவது?

இந்த மூன்று தொல்லைகளுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கனமான துணியும் மெல்லிய துணியும் ஒரே லோடில் போகின்றன. ஜீன்ஸ் காய ஒரு மணி நேரம் ஆகலாம். சட்டைக்கு அரை மணி போதும். மீதி நேரம் முழுக்க, ஏற்கெனவே காய்ந்துபோன சட்டை சூட்டில் சும்மா உருண்டுகொண்டிருக்கிறது. அதில்தான் சுருங்குகிறது, மொடமொடக்கிறது, ஷாக் அடிக்கிறது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் இந்தக் கலவை மாறாத வரை பலன் கிடைக்காது.

ஆகவே முதல் வேலை பிரிப்பது. வாஷருக்கு நிறம் பார்த்துப் பிரிக்கிறோம், டிரையருக்குக் கனம் பார்த்துப் பிரிக்க வேண்டும். டவலும் ஜீன்ஸும் ஒரு பக்கம், சட்டை சுடிதார் பனியன் ஒரு பக்கம், லெக்கிங்ஸ், ஜிம் துணி, உள்ளாடை மாதிரி இழுபடும் துணிகள் ஒரு பக்கம். இரண்டு பேர் உள்ள வீட்டில் தினமும் துவைக்காமல் இரண்டு மூன்று நாள் சேர்த்து வைத்தால் இப்படிப் பிரிக்கத் தாராளமாகத் துணி சேர்ந்துவிடும்.

காய்ந்த துணி என்று நாம் சொல்வதிலும் ஈரம் இருக்கிறது, இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. சாதாரண அறைக் காற்றில் தொங்கும் காட்டன் துணி, தன் எடையில் சுமார் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதுதான் அதன் மென்மை. பாலியஸ்டரில் அரை சதவீதம்கூட இருக்காது. டிரையர் அந்த 8 சதவீதத்தையும் சேர்த்து உறிஞ்சிவிட்டால் காட்டன் விறைத்துப் போகிறது, நூல் தேய்ந்து பஞ்சாக உதிர்கிறது. ஈரம் இல்லாததால், துணிகள் ஒன்றோடொன்று உரசும்போது உண்டாகும் மின்னூட்டம் வெளியேற வழியில்லாமல் துணியிலேயே தங்குகிறது. கனடாவின் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்றும் உலர்ந்து கிடக்கும், அதனால் ஷாக் இன்னும் கூடுதல். கோடையில் இதே டிரையர் இவ்வளவு ஷாக் அடிக்காது.

இனி டிரையரின் முகப்பைப் பாருங்கள். பலரும் கவனிக்காமல் விடும் விஷயம், அங்கே சூடும் உலர்வு அளவும் தனித்தனி. 'டெம்பரேச்சர்' என்பது காற்று எவ்வளவு சூடு என்பது: ஹை, மீடியம், லோ. மாடலுக்கு மாடல் மாறினாலும் லோ என்பது ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ், ஹை என்பது 60 டிகிரியைத் தாண்டும். 'டிரைனஸ் லெவல்' என்பது எப்போது நிறுத்துவது என்பது: டேம்ப், லெஸ் டிரை, நார்மல், மோர் டிரை. சட்டை சுருங்கினால் எல்லோரும் சூட்டைத்தான் குறைப்பார்கள். நான் முதலில் உலர்வு அளவை ஒரு படி குறைக்கச் சொல்வேன். மெல்லிய காட்டனுக்கு 'லெஸ் டிரை' வைத்து, எடுத்தவுடன் ஹேங்கரில் மாட்டினால் மிச்சமிருக்கும் லேசான ஈரம் பத்து நிமிடத்தில் தானே போய்விடும். இஸ்திரி போடுவதாக இருந்தால் 'டேம்ப்' போதும். அந்த ஈரத்திலேயே தேய்த்தால் தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

டிரையருக்கு எப்படித் தெரியும் காய்ந்துவிட்டது என்று? கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். பஞ்சைப் பிடிக்கும் வலையான லின்ட் ஃபில்டருக்குப் பக்கத்திலோ, டிரம்மின் பின் சுவரிலோ, விரல் நீளத்துக்கு இரண்டு உலோகப் பட்டைகள் இணையாக இருக்கும். அதுதான் ஈர சென்சார். ஈரத்துணி இரண்டு பட்டையையும் ஒருசேரத் தொடும்போது மெல்லிய மின்னோட்டம் பாயும். துணி காயக் காய அந்தத் தொடர்பு அறும். அதை வைத்துத்தான் மெஷின் நேரத்தைக் கணக்கிடுகிறது. முதலில் 42 நிமிடம் என்று காட்டிவிட்டு நடுவில் நேரம் கூடுவதும் குறைவதும் இதனால்தான், பழுது இல்லை.

இந்த சென்சாருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, துணி மிகக் குறைவாக இருந்தால் பட்டையில் அடிக்கடி படாது. இரண்டு சட்டை மட்டும் போட்டால் ஐந்தே நிமிடத்தில் 'முடிந்தது' என்று நின்றுவிடும். அப்படிச் சின்ன லோடுக்கு, நேரத்தை நாமே குறிக்கும் 'டைம்ட் டிரை'யில் இருபது நிமிடம் வையுங்கள், அல்லது காய்ந்த டவல் ஒன்றைக் கூடப் போட்டு ஓட்டுங்கள். இரண்டாவது, துணி மென்மையாக இருக்கவும் ஷாக் அடிக்காமல் இருக்கவும் துணியோடு போடும் மெல்லிய தாளான டிரையர் ஷீட்டிலிருந்து வரும் மெழுகுப் பிசுக்கு அந்தப் பட்டையில் படியும். பிசுக்கு ஏறினால் ஈரத்துணி பட்டாலும் மெஷினுக்குத் தெரியாது, ஈரத்தோடு நிறுத்திவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பிங் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, மாதம் ஒருமுறை அந்த இரண்டு பட்டையையும் துடைத்துவிட்டால் சரி. டிரம் ஆறியிருக்கும்போது, கதவைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். வாடகை வீட்டில் உங்களுக்கு முன் இருந்தவர்கள் எத்தனை ஆண்டு ஷீட் போட்டார்களோ தெரியாது, ஆகவே செட்டிங்கில் கை வைப்பதற்கு முன் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

இப்போது துணி வாரியாக.

டவல், காட்டன் சாக்ஸ், கைக்குட்டை: இவற்றுக்கு ஹை சூடு, 'டவல்ஸ்' அல்லது 'ஹெவி டியூட்டி'. உலர்வு 'நார்மல்' போதும், 'மோர் டிரை' வேண்டாம். போடுவதற்கு முன் ஒவ்வொரு டவலையும் ஒரு உதறு உதறிப் போடுங்கள். முறுக்கிக்கொண்டு கிடப்பதை அப்படியே தள்ளினால் நடுமடிப்பு காயாது. டவலுக்கு டிரையர் ஷீட்டோ ஃபேப்ரிக் சாஃப்ட்னரோ போடவே போடாதீர்கள். அது நூலின் மேல் பூச்சாகப் படிந்து, டவல் தண்ணீரை உறிஞ்சாமல் உடம்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். நம் ஊர் ஈரிழைத் துண்டு மெல்லியது என்பதால் இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம், சட்டையோடு போடுங்கள்.

ஜீன்ஸ்: ஜிப்பை மூடி, உள்பக்கம் வெளியே திருப்பி, மீடியம் சூட்டில். பாக்கெட் துணியும் இடுப்புப் பட்டியும் கடைசியில்தான் காயும். அது காயும் வரை ஓட்டினால் கால் பகுதி மிகையாகக் காய்ந்து குட்டையாகும். அதனால் பட்டியில் லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்து, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட்டு நாற்காலி முதுகில் போட்டுவிடுங்கள். இப்போது ஜீன்ஸ் பலவற்றிலும் இழுபடும் எலாஸ்டேன் நூல் கலந்திருக்கிறது. லேபிளில் அது இருந்தால் லோ சூடு.

சட்டை, சுடிதார், குர்தி, ஆபீஸ் பேன்ட்: இவற்றுக்குத்தான் 'பெர்மனென்ட் பிரஸ்'. சில மெஷினில் 'கேஷுவல்' அல்லது 'ரிங்கிள் கன்ட்ரோல்' என்று இருக்கும். இதில் நடுத்தரச் சூடு, முடிவில் சூடில்லாமல் நீண்ட நேரம் ஆறவிடும் கட்டம். பாலியஸ்டர் கலந்த துணி சூடாக இருக்கும்போது இளகும், எந்த மடிப்பில் ஆறுகிறதோ அந்த மடிப்பு அப்படியே நிலைத்துவிடும். சூட்டோடு குவியலாகக் கிடந்து ஆறினால் கசங்கல் பதிந்துவிடும். டிரம்மில் சுழன்றுகொண்டே ஆறினால் பதியாது. ஆகவே இந்த செட்டிங்கில் கடைசிப் பத்து நிமிடத்தைப் பொறுமையில்லாமல் வெட்டிவிடக் கூடாது. 'முடிந்தது' என்று மணி அடித்ததும் போய் எடுத்துவிடவும் வேண்டும். உடனே போக முடியாதென்றால் 'ரிங்கிள் கார்ட்' என்ற பட்டன் இருக்கும். அது அவ்வப்போது டிரம்மைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருக்கும்.

நூறு சதவீதக் காட்டன் சட்டையும் இதே செட்டிங்தான், உலர்வு மட்டும் 'லெஸ் டிரை'. நெசவிலும் பின்னலிலும் இழுத்துக் கட்டப்பட்ட நூல், தண்ணீரும் உருட்டலும் சூடும் சேரும்போது தன் இயல்பான அளவுக்குத் திரும்புகிறது. சுருங்குவது என்பது அதுதான். அதனால்தான் முதல் சில துவைப்பில் அதிகம் சுருங்குகிறது. பின்னல் துணியான டி-ஷர்ட் நெய்த துணியைவிட மோசம், நீளத்தில் குறையும். ஊரிலிருந்து கொண்டுவந்த, கொடியில் மட்டுமே காய்ந்து பழகிய சட்டைகளுக்கு டிரையர் புது அனுபவம். இத்தனை ஆண்டு சுருங்காதது இங்கே வந்ததும் சுருங்கியதில் அதிசயம் இல்லை. பிடித்த சட்டையாக இருந்தால் பதினைந்து நிமிடம் மட்டும் உருட்டிக் கசங்கலை எடுத்துவிட்டு, மீதியை ஹேங்கரில் காயவிடுங்கள். ஏற்கெனவே சுருங்கியதை ஈரத்தில் மெதுவாக இழுத்து, அளவு பார்த்து விரித்துக் காயவைத்தால் கொஞ்சம் மீளும். முழுதாக மீளாது.

லெக்கிங்ஸ், ஜிம் துணி, உள்ளாடை, எலாஸ்டிக் வைத்த எதுவும்: லோ சூடு, 'டெலிகேட்'. எலாஸ்டிக் நூலுக்குச் சூடுதான் எமன், தொடர்ந்து ஹையில் போட்டால் சில மாதத்தில் தொளதொளத்துவிடும். இவை தண்ணீரை அதிகம் பிடிப்பதில்லை, ஸ்பின்னிலேயே பாதி காய்ந்துதான் வரும். மார்புக் கச்சையை டிரையருக்குள் போடாமல் இருப்பதே நல்லது. படம் அச்சடித்த டி-ஷர்ட்டையும் உள்பக்கம் திருப்பி இதோடு போடலாம்.

பெட்ஷீட்டும் போர்வை உறையும் தனி ரகம். டிரம் ஒரே பக்கமாகச் சுற்றச் சுற்ற, பெரிய பெட்ஷீட் மற்றதையெல்லாம் உள்ளே இழுத்துப் பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரி மூடிக்கொள்ளும். வெளியே காய்ந்திருக்கும், சென்சாரும் காய்ந்ததாகச் சொல்லிவிடும், பிரித்தால் உள்ளே தலையணை உறை சொட்டச் சொட்ட இருக்கும். எலாஸ்டிக் முனை வைத்த ஷீட் இதில் ரொம்ப மோசம். இரண்டு ஷீட்டுக்கு மேல் போடாதீர்கள். போர்வை உறையின் பட்டனை மாட்டிவிடுங்கள். பாதி நேரத்தில் ஒருமுறை நிறுத்திப் பிரித்து உதறிப் போடுங்கள், அந்த ஒரு நிமிட வேலையில் இன்னொரு முறை ஓட்டுவது மிச்சமாகும். மீடியம் சூடு போதும்.

குளிர்ப் பிரதேசத்து டூவே (இறகு அடைத்த தடிமனான போர்வை), இறகு ஜாக்கெட்: லோ சூட்டில் மிக மெதுவாக, இரண்டு மூன்று சுற்றாக. கூடவே சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டைப் போட்டால் கட்டி தட்டிய இறகை அடித்துப் பிரிக்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும், ஆனால் இறகுக்குள் ஈரம் ஒளிந்திருக்கும். அப்படியே மடித்து வைத்தால் நாறிவிடும். விரலால் அழுத்திப் பார்த்து, எங்காவது கட்டி தட்டுப்பட்டால் இன்னொரு சுற்று ஓட்டுங்கள்.

டிரையர் பக்கமே போகக் கூடாதவை: பட்டு, ஜரிகை, கம்பளி ஸ்வெட்டர், அடியில் ரப்பர் ஒட்டிய பாத்ரூம் மிதியடி, ஃபோம் தலையணை. கம்பளி நூலில் செதில்கள் உண்டு, ஈரத்தில் உருளும்போது அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு இறுகிவிடும், மறுபடி விரியாது. ரப்பரும் ஃபோமும் சூடேறினால் தீப்பிடிக்கும் ஆபத்து. கஞ்சி போட்ட வேட்டியும் காட்டன் புடவையும் உள்ளே உருண்டால் கஞ்சி உதிர்ந்து விறைப்பு போய்விடும், உதிர்ந்தது டிரம்மிலும் சென்சாரிலும் படியும். அவற்றைக் குளியலறைத் திரைக் கம்பியில் போடுங்கள். குளிர்காலத்து வீட்டுக் காற்று உலர்ந்திருப்பதால் ஒரே இரவில் காய்ந்துவிடும், காற்றுக்கும் கொஞ்சம் ஈரப்பதம் சேரும்.

சந்தேகம் வந்தால் லேபிள். சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் டிரையரில் போடலாம். உள்ளே ஒரு புள்ளி லோ, இரண்டு மீடியம், மூன்று ஹை. வட்டம் முழுக்கக் கறுப்பாக இருந்தால் சூடில்லாத காற்று மட்டும், அதாவது 'ஏர் ஃப்ளஃப்'. சதுரத்தின் அடியில் ஒரு கோடு என்றால் பெர்மனென்ட் பிரஸ், இரண்டு கோடு என்றால் டெலிகேட். சதுரமும் வட்டமும் சேர்ந்து குறுக்கே அடித்திருந்தால் டிரையர் கூடாது. சதுரம் இல்லாத வெறும் வட்டம் அடித்திருந்தால் அது டிரை கிளீனிங் கூடாது என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

அடுத்து, நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று. அழுத்தமாகவே சொல்கிறேன். எண்ணெய்க் குளியல் முடித்துத் துவட்டிய துண்டு, எண்ணெய்ச் சட்டி துடைத்த கரித்துணி, நல்லெண்ணெய் படிந்த தலையணை உறை இவற்றை டிரையரில் போடுவது உண்மையான தீ ஆபத்து. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கடுகெண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து தானே சூடாகும் தன்மை உள்ளவை. டிரையரின் சூடு அந்த வினையை முடுக்கிவிடுகிறது. சூட்டோடு எடுத்துக் கூடையில் குவித்து வைத்தால், உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேற முடியாமல் ஏறிக்கொண்டே போய், சில மணி நேரம் கழித்துப் புகைந்து பற்றிக்கொள்ளும். மசாஜ் நிலையங்களின் டவல் கூடைகளில் இப்படித் தீப்பிடிப்பது தீயணைப்புத் துறையினருக்குத் தெரிந்த விஷயம். ஒருமுறை துவைத்தால் எண்ணெய் முழுக்கப் போய்விடாது. துவைத்த துண்டை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாசனை இருந்தால் வெந்நீரில் டிடர்ஜென்ட் கூடுதலாகப் போட்டு மறுபடி துவையுங்கள், இல்லாவிட்டால் கம்பியில் காயப்போடுங்கள். தேங்காய் எண்ணெய் இந்த வகையில் சாதுவானதுதான், ஆனாலும் வீட்டில் எந்தத் துண்டில் எந்த எண்ணெய் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்.

லின்ட் ஃபில்டரை ஒவ்வொரு லோடுக்கும் முன் துடைக்க வேண்டும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008–2010 ஆண்டுகளுக்கு வெளியிட்ட கணக்கில், அங்குள்ள வீடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 டிரையர் தீ விபத்துகள், சுத்தம் செய்யாததே முதன்மைக் காரணம். வலையில் பஞ்சு இல்லாவிட்டாலும் ஷீட்டின் பிசுக்கு கண்ணுக்குத் தெரியாமல் அடைத்திருக்கலாம். வலையைக் கழற்றிக் குழாயடியில் பிடியுங்கள். தண்ணீர் உடனே ஒழுகிப் போனால் நல்லது, வலையின் மேல் தேங்கி நின்றால் சோப்பும் பழைய டூத்பிரஷும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

டவல் லோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் குறை செட்டிங்கில் இல்லை, பின்னாலுள்ள குழாயில். வெளிச்சுவரில் அந்தக் குழாய் முடியும் மூடியைப் போய்ப் பாருங்கள். டிரையர் ஓடும்போது மூடி திறந்து சூடான காற்று வேகமாக வர வேண்டும். பனிக்காலத்தில் பனி குவிந்து அதை மூடிவிடும், அப்போது துணி காயாது. உங்களுடையது கேஸ் டிரையராக இருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும் ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகும் அங்கே ஒரு நடை போய் வாருங்கள். மெஷினுக்குப் பின்னால் மடங்கி மடங்கி நீளும் பிளாஸ்டிக் அல்லது ஃபாயில் குழாய் இருந்தால், உலோகக் குழாயாக மாற்றித் தரும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை, அவர் வீட்டின் பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

ஷாக்குக்கு ஷீட் வாங்கலாமா என்றால், முதலில் பாலியஸ்டர் துணிகளைத் தனியே பிரித்து, உலர்வு அளவைக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் அந்த பாலியஸ்டர் லோடுக்கு மட்டும் ஒரு ஷீட்டில் பாதியைக் கிழித்துப் போடுங்கள். டவலுக்கும், மைக்ரோஃபைபர் துணிக்கும், தீப்பிடிக்காத தன்மை உள்ளதாக லேபிள் போட்ட குழந்தைகளின் இரவு உடைக்கும் வேண்டாம்.

மின்சாரச் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாஷரில் ஸ்பின் வேகத்தை டவலுக்கும் ஜீன்ஸுக்கும் உச்சத்தில் வையுங்கள். சுழற்றிப் பிழிந்து எடுக்கும் தண்ணீருக்கு ஆகும் மின்சாரம், அதே தண்ணீரைச் சூட்டில் ஆவியாக்க ஆகும் மின்சாரத்தில் சிறு துளிதான். மின்சார டிரையர் ஓடும்போது 5 கிலோவாட் அளவுக்கு இழுக்கும், வீட்டிலேயே அதிகம் இழுக்கும் கருவிகளில் ஒன்று. ஒன்டாரியோவில் நேரத்துக்கு ஏற்ற கட்டண முறையில் இருந்தால் வார நாளில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரையும், சனி ஞாயிறு முழுதும் கட்டணம் குறைவு. ராத்திரி ஓட்டிவிட்டுத் தூங்கப் போக வேண்டாம், ஏழரைக்குப் போட்டால் படுக்குமுன் இரண்டு லோடு எடுத்துவிடலாம். முதலில் சட்டை லோடு, அது முடிந்ததும் சூடான டிரம்மில் டவல் லோடு. சட்டையை ஹேங்கரில் மாட்ட உங்களுக்கு நேரமும் கிடைக்கும்.